அடுக்கு பாய் அடுக்கி வைத்த கால்

உலகத்தில் எந்த ரெண்டு சாமானைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், அதில் ஒன்று தப்பான இடத்தில்தான் இருக்கும் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் அடுக்கு பாய். திண்டுக்கல் மலையைக் காட்டினால்கூட, "கோட்டைய மேல வச்சது சரிதான். செத்த வடக்க தள்ளி வச்சிருக்கலாம்" என்பார்.

அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. முதலாளியிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் அடுக்கு பாய்தான். பேகம்பூரில் வீடு. ஒல்லி உடம்பு, தேய்த்த வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் பேனாக்கள் உயர வரிசைப்படி நிற்கும். அதில் ஒன்றை யாராவது இரவல் வாங்கி மாற்றிச் செருகிவிட்டால், மனுஷன் அன்றைக்குப் பூரா முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

நான் அப்போது ஒரு லாரி பார்சல் ஆபீஸில் புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். ரொம்பப் பழங்கதை இல்லை. ஆளுக்கொரு செல்போன் வந்த பிற்பாடுதான். வெளியூர் லாரியில் வருகிற சரக்கை இறக்கி, குடோனில் வைத்து, கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கணும். அம்புட்டுத்தான் வேலை. எல்லா பார்சல் ஆபீஸிலும் ஊர்வாரியாக அடுக்குவார்கள். பழனி சரக்கு ஒரு பக்கம், வேடசந்தூர் சரக்கு ஒரு பக்கம், முடிந்தது கதை. ஆனால் குடோன் பொறுப்பில் இருந்தவர் எங்கள் பாய். அவருக்கு ஊர் என்பது ஆரம்பம் மட்டும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பாடம் நடத்தினார்.

"ஊரு ஒண்ணாயிருந்தா, கெடுமா கெடாதான்னு பாக்கணும்மா. கெடாதுன்னா ஒடையுமா ஒடையாதான்னு பாக்கணும். ஒடையாதுன்னா வாடை இருக்கா இல்லையா. வாடையும் இல்லன்னு வையி, வந்து வாங்குறவரு கோவக்காரரா சாதுவான்னு பாக்கணும். கோவக்காரரு சரக்கு வாசப் பக்கம்."

"அதுலயும் சமமா இருந்தா என்ன பண்ணுவீக பாய்?"

"ரெண்டு பேருக்கு ஒரே அளவா கோவம் வராதும்மா. எங்கயாச்சும் செத்த கூடக் குறைய இருக்கும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

இந்த முறையில் நல்லதும் இருந்தது. சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக் கட்டுக்குப் பக்கத்தில் தோல் மூட்டையை வைத்துவிட்டால், அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போகிறவள் பக்கத்தில் கல்யாண வீட்டில் ஒருத்தரும் உட்காரமாட்டார்கள். பாய் இருந்த வரைக்கும் எங்கள் ஆபீஸில் வந்த சேலை எதுவும் நாறியதில்லை. அதையும் சொல்லத்தானே வேணும்.

வில்லங்கம் எங்கே வந்தது என்றால், பார்சல் ஆபீஸுக்கு வருகிற சாமான்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. பம்பு மோட்டார் கெட்டுப் போகாது. வாழைத்தார் உடையாது. பூட்டுப் பெட்டிக்கு வாடை கிடையாது. ஒரு சாமானுக்கு இருக்கிற குணம் இன்னொன்றுக்கு இல்லவே இல்லை என்றால், ரெண்டையும் எப்படி வரிசை போடுவது? நீங்களும் நானும் "எங்கயாவது வச்சுத் தொலை" என்று போய்விடுவோம். பாய் போகமாட்டார். அந்தச் சாமானுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்துகொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஏற இறங்கப் பார்ப்பார்.

ஒரு தடவை ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு சேவல் பார்சலில் வந்துவிட்டது. உயிரோடு, கூடைக்குள்ளே. யார் புக் பண்ணினார்களோ, எந்தப் புண்ணியவான் வாங்கிப் போட்டானோ. பாய் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சேவல் கெடுகிற பொருளா கெடாத பொருளா என்பதுதான் பிரச்சினை. கடைசியில், "உசுரு இருக்குற வரைக்கும் கெடாது, அதுக்கப்பறம் உடனே கெட்டுரும்" என்று அந்தக் கேள்வியை ஒத்திப்போட்டுவிட்டு, சத்தம் போடுகிற சாமான்கள் என்று புதிதாக ஒரு பிரிவு திறந்தார்.

மறுநாள் சேவலின் சொந்தக்காரர் வந்தார். கொங்குப் பக்கத்து மரியாதைக்காரர்.

"ஏனுங்க, நம்ம சேவலு வந்துதுங்களா?"

"வந்துருச்சு. ஸ்பீக்கர் பொட்டிக்கும் கோயில் மணிக்கும் நடுவுல இருக்கு" என்றார் பாய்.

அந்த மனிதர் எங்கள் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேவலை வாங்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

வேலையோடு நின்றாலும் பரவாயில்லை. சாப்பாட்டிலும் அதே கூத்துத்தான். திண்டுக்கல்லில் பிறந்துவிட்டு, பிரியாணியைப் பிரித்து அடுக்கித் தின்ற ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் எலும்புக் கறி ஒரு ஓரம், எலும்பில்லாக் கறி ஒரு ஓரம். பட்டை, கிராம்பு, ஏலக்காய் தனியாக, பெரியதிலிருந்து சிறியது வரைக்கும். எல்லாம் அடுக்கி முடித்த பிறகுதான் முதல் வாய். அதற்குள் பிரியாணி ஆறிப்போய் எண்ணெய் உறைந்திருக்கும். "ஆறிருச்சே பாய்" என்றால், "சூடு வந்து கடைசியாப் பாக்க வேண்டிய விசயம்மா" என்பார். பிரியாணி மாஸ்டர் மட்டும் இதைக் கண்ணால் பார்த்திருந்தால் அன்றைக்கே கரண்டியைக் கீழே போட்டிருப்பார்.

வாடிக்கையாளர்களையும் விடமாட்டார். கவுண்டரில் கூட்டம் சேர்ந்தால், எனக்கு உதவி பண்ணுகிறேன் என்று குடோனிலிருந்து வந்துவிடுவார். பஸ் பிடிக்கிறவர்கள் முன்னால், கைப்பிள்ளைக்காரிகள் அடுத்து, சர்க்கரை வியாதிக்காரர்கள் அதற்கடுத்து, சும்மா வாய் பேச வந்தவர்கள் கடைசி. ஒரு தடவை ரெட்டியார்சத்திரத்து ஆள் ஒருத்தர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"யோவ், நான் அவருக்கு முன்னாடியே வந்தவன்யா."

"வந்தது முன்னாடிதான். அவசரம் பின்னாடி" என்றார் பாய்.

அப்புறம் அவரைச் சமாதானப்படுத்தி, தோளைத் தொட்டுக் கூட்டிப் போய் பெஞ்சில் உட்கார வைத்தார். ஆபீஸ் வாசலை ஒட்டி ஒரு நீள மர பெஞ்சு உண்டு. ஃபேன் அதற்கு நேர் மேலே. சரக்கு ஒன்றுகூட அந்தப் பெஞ்சில் ஏறக்கூடாது என்பது பாயின் சட்டம். நான் ஒருநாள் என் கைப்பையை அதில் வைத்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டேன். "குடோன் சரக்குக்கும்மா. பெஞ்சு ஆளுக்கு. மொதப் பிரிவே அதுதான். அதுல தப்புனா மத்தது எல்லாம் தப்பிரும்."

இவரைத் திருத்தலாம் என்று முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். சாஃப்ட்வேர் போட்டுத் தர கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான். சரக்கை எந்தக் கட்டத்தை வைத்து வரிசைப்படுத்தணும் என்று பாயைக் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. பாய் சொல்ல ஆரம்பித்தார். பையனுக்குக் கண் விரிந்தது. "சூப்பருங்க பாய், இதுக்கும் ஒரு கட்டம் போட்டுக்கலாங்க" என்று அவனும் ஏற்ற ஆரம்பித்தான். வாடைக்கு ஒரு கட்டம், கோபத்துக்கு ஒரு கட்டம், சத்தத்துக்கு ஒரு கட்டம். சாயங்காலம் முதலாளி வந்து பார்த்தபோது ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு பைத்தியத்தைச் சமாளிக்க இன்னொண்ணக் கூட்டியாந்துட்டேன் போல" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு பாய் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. ஊறுகாய் ஜாடிக்குக்கூட, சத்தம் என்கிற இடத்தில் 'இல்லை' என்று அடித்து வைத்திருப்பார்.

இப்படியாகத்தான் எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கால் வருகிற வரைக்கும்.

அன்றைக்குப் பாய் லீவு. அவர் தங்கச்சி மகனுக்கு பழனி ரோட்டில் ஒரு மண்டபத்தில் நிக்கா. லீவு என்றாலும் மனசு கேட்குமா? விடியக்காலையில் வந்து கோயம்புத்தூர் லாரியை இறக்கி அடுக்கி, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போயிருக்கிறார். நான் ஒன்பது மணிக்கு வந்தபோது ஆபீஸில் லோடுமேன் கருப்பு மட்டும்தான் இருந்தான். பாய் இல்லாத நாள் என்பதால் ரெண்டு பேரும் நிம்மதியாக டீ குடித்தோம்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். என் வயசுதான் இருக்கும். பேர் ஈஸ்வரி. பெஞ்சில் ஏற்கெனவே யாரோ துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்ததால், ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, காலு வந்துருச்சுன்னு போன் பண்ணாங்க. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எந்தக் கால்?" என்றேன், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"என் காலுதான்க்கா."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சேலைக்குக் கீழே ஒரு பாதம்தான் தெரிந்தது.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவள். ஷேர் ஆட்டோ கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் வைத்து நடக்கப் பழகிவிட்டாள். அதன் பாதம் விரிசல் விட்டதால் கோயம்புத்தூருக்கு அனுப்பி மாற்றச் சொல்லியிருந்தாள். அது எங்கள் லாரியில்தான் திரும்பி வந்திருக்கிறது.

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு மில் பஸ்ஸுல வரச் சொல்லிருக்காங்கக்கா. டாக்டரு நடக்கச் சொல்லிப் பாப்பாராம். நடந்து காமிச்சா வேலை. இல்லன்னா அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவோம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு தடவ தவணை கேட்டாச்சு. இனிமே கேக்க முடியாது." அழுகையெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான் என்பதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

"அட, இதுக்கு எதுக்கும்மா கவலை. உள்ளதான் இருக்கும். கருப்பு எடுத்துட்டு வந்துருவான்" என்றேன். என் வாயில் சனி.

கம்ப்யூட்டரில் பார்த்தேன். சரக்கு வந்துவிட்டது என்று இருந்தது. எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்கிற கட்டம் காலி. கெடுமா, காலி. உடையுமா, காலி. வாடை, சத்தம், கோபம், எல்லாம் காலி. ஊறுகாய்க்குச் சத்தம் பார்த்த மனுஷன் இதற்கு ஒன்றுமே அடிக்கவில்லை.

பாய்க்குப் போன் அடித்தேன். அவர் மேஜை டிராயருக்குள்ளே மணி அடித்தது. போனை ஆபீஸிலேயே விட்டுப் போயிருக்கிறார்.

சரி, தேடுவோம் என்று நானும் கருப்பும் குடோனுக்குள் இறங்கினோம். பாய் மாதிரியே யோசித்துப் பார்ப்போம் என்றான் கருப்பு. அதுதான் நாங்கள் பண்ணின முதல் தப்பு. மருந்துப் பெட்டிகளுக்குள் தேடினோம், இல்லை. பாதம் இருக்கிறதே என்று செருப்பு மூட்டைகளுக்குள் தேடினோம், இல்லை. நீளமான சாமான் என்று திரைச்சீலைக் கம்பி, கிரிக்கெட் மட்டை, பி.வி.சி. பைப் எல்லாவற்றையும் புரட்டினோம். உடம்பு சம்பந்தப்பட்டது என்று சவுரிமுடிப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தோம். இதற்கிடையில் கவுண்டரில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பெரியவர் பெஞ்சில் இருந்த துண்டை நகர்த்தப் போக, ஈஸ்வரி, "ஆளு இருக்காங்கண்ணே, வந்துருவாங்க" என்று தடுத்ததை உள்ளேயிருந்தே கேட்டேன். பாவம், தன் கவலைக்கு நடுவே யாரோ ஒருத்தருடைய இடத்துக்குக் காவல் காக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று கருப்பு குரல் கொடுத்தான். "அக்கா, காலு கெடச்சிருச்சு. அதுவும் ரெண்டு கெடச்சிருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தால், ஜவுளிக்கடை பொம்மையின் கால்கள். இடுப்போடு சேர்த்து. அவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே ஈஸ்வரியிடம் போய்விட்டான். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது ரொம்பச் செவப்பா இருக்குண்ணே. என்னோடது இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கருப்பைக் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

பழனி ரோட்டு டிராஃபிக்கில் வழி நெடுகப் பாயைத் திட்டிக்கொண்டே போனேன். நல்ல நாளும் பெரிய நாளுமாக ஒரு மனுஷனை இப்படித் திட்டக்கூடாதுதான். ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேலே கோபம். அவர் அடுக்கினது, பிரித்தது, கட்டம் போட்டது எல்லாவற்றையும் இழுத்து வைத்து, நேரில் பார்த்ததும் என்னவெல்லாம் கேட்கணும் என்று மனசுக்குள் மனப்பாடம் பண்ணிக்கொண்டேன்.

மண்டப வாசலில் ஒரே கூச்சல். சாப்பிட்டு முடித்த விருந்தாளிகள் பத்துப் பதினைந்து பேர் வெறுங்காலோடு வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் பட்டு ஜிப்பா போட்ட அடுக்கு பாய் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். சுற்றி ஒரே செருப்பு மயம். ஆண் செருப்பு, பெண் செருப்பு, அதற்குள் தோல், ரப்பர், அதற்குள் அளவு, அதற்குள் தேய்மானம்.

"என் செருப்பு எங்க பாய்?" என்று ஒருத்தர் தொண்டைத் தண்ணி வற்றக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்க காலு என்ன சைஸு, சொல்லுங்க. வலது பக்கம் அதிகமாத் தேயுமா, இடது பக்கமா?"

"எனக்கு எப்படிய்யா தெரியும்?"

"தெரியாமயா இம்புட்டு நாளா போட்டுட்டுத் திரிஞ்சீக?"

நான் மனப்பாடம் பண்ணினது எல்லாம் மறந்து போய்விட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "பாய், அந்தக் காலை எங்க வச்சீக?" என்றேன். சுற்றி நின்றவர்கள், நானும் செருப்புத் தேடி வந்தவள் என்று நினைத்து எனக்கு வழி விட்டார்கள்.

"எந்தக் காலும்மா?"

"கோயம்புத்தூர் லாரியில வந்த கால். குடோன் பூராம் புரட்டிப் போட்டாச்சு. அந்தப் பொண்ணு ரொம்ப நேரமா ஒக்காந்திருக்கு. ரெண்டு மணிக்கு மில் பஸ்ஸு. கால் இல்லன்னா அதுக்கு வேலை போயிரும்."

பாய் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டார்.

"குடோன்ல எதுக்கும்மா தேடுனீக? அது சரக்கா? ஒரு மனுசியோட காலும்மா. அதக் கொண்டுபோயி மூட்டையோட மூட்டையா அடுக்கச் சொல்றியா? ஆளு ஒக்கார்ற எடத்துலதான் வச்சேன். பெஞ்சுல."

"பெஞ்சுலயா?"

"ஃபேனுக்கு நேரா. சாக்குல சுத்தி வந்துச்சு. யாரும் மேல ஒக்காந்துறக் கூடாதேன்னு என் துண்டத்தான் போட்டு வச்சேன்."

நம் ஊரில் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் போதும், அந்த இடத்தில் ராஜாவே வந்தாலும் உட்காரமாட்டான். காலையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள். நின்றுகொண்டே இருந்தார்களே தவிர, ஒருத்தர்கூட அந்தத் துண்டைத் தூக்கி அடியில் என்ன என்று பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. ஊரில் பாதிப் பேர் தோளில் கிடக்கிற அதே கட்டம் போட்ட துண்டு.

கருப்புக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏலே, பெஞ்சுல ஒரு துண்டு கெடக்கா?"

"கெடக்குக்கா. யாரோ எடம் போட்டிருக்காங்க. இன்னும் ஆளக் காணோம்."

"அதத் தூக்கிப் பாருடா."

"அடுத்தவுக துண்டு, நம்ம எதுக்குக்கா."

"தூக்குடான்னா."

பாய் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதினார். வெறுங்காலோடு நின்றவர்கள்கூட செருப்பை மறந்துவிட்டு என் போனையே பார்த்தார்கள். சாக்கு கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஈஸ்வரி சிரிக்கிற சத்தம். பொம்மைக் காலைப் பார்த்துச் சிரித்த மாதிரி இல்லை. மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, இவள் நெய்யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்குக் காவலும் இருந்திருக்கிறாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அங்கே நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்து, "செருப்பு கெடச்சிருச்சாம்மா?" என்று கேட்டார்.

"நானும் வாரேன்" என்று பாய் என் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் தங்கச்சி, "அண்ணே, நீங்க இன்னும் சாப்பிடவே இல்லையே" என்று கூப்பிட்டார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்புகளை அப்படியே பரத்திப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த விருந்தாளிகள் அன்றைக்கு எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நாங்கள் ஆபீஸுக்கு வந்தபோது எதிர் ரோட்டில் மில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஈஸ்வரி ஏறுவதற்கு ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். கக்கத்துக் கட்டையைக் கருப்பு வைத்திருந்தான். பாய் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, ரெண்டு கையையும் சேர்த்து நெஞ்சில் வைத்தார். அவளே இந்தப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"நீங்கதான் பாயா? நல்ல வேலை பாத்தீக. செத்த நகந்து ஒக்காருங்கன்னு அதுகிட்டக் கேக்கலாமான்னுகூட நெனச்சேன்."

பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் என்ன ஏது என்று கேட்க, அவள் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். பஸ் கிளம்பும்போது உள்ளேயிருந்து ஒரே சிரிப்புச் சத்தம்.

கால் கிடைத்துவிட்டது, பஸ்ஸையும் பிடித்துவிட்டாள். ஆனால் அவ்வளவு அவசரத்தில் மாட்டிக்கொண்டு போனவள், டாக்டர் முன்னால் சரியாக நடக்கணுமே. பாய் குடோனுக்குள் போகவில்லை. நாங்கள் கலைத்துப் போட்ட சரக்கெல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது. ஊறுகாய் ஜாடி மேலே சுங்குடிச் சேலை, அதற்கு மேலே பொம்மைக் கால். அவர் கண் அந்தப் பக்கமே போகவில்லை. பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்து துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சொல்லிட்டுப் போயிருக்கணும்மா" என்றார் ஒரு தடவை. "எனக்குத் தெரிஞ்சா ஒங்களுக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்."

"சாப்பிடுங்க பாய். என் டப்பாவுல தக்காளிச் சோறு இருக்கு" என்றேன்.

"அந்தப் புள்ள சேதி வரட்டும்."

வெயில் இறங்கின பிறகுதான் போன் வந்தது. நான் எடுப்பதற்குள் பாய் எழுந்து பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"அக்கா, நடக்கச் சொன்னாங்க, நடந்தேன். டாக்டரு போதும்னாரு. நான்தான், இருங்க சாருன்னு, இன்னும் செத்த தூரம் நடந்து காமிச்சேன். நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க." பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "பாய்கிட்டச் சொல்லுங்கக்கா. வரும்போது பஸ்ஸுல கதையச் சொன்னேன். இதே கால கவருக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போனப்ப ஒரு கண்டக்டரு லக்கேஜ்னு சொன்னாருக்கா. இவரு ஒருத்தருதான் அத ஆளுன்னு சொல்லிருக்காரு."

நான் அதை அப்படியே பாயிடம் சொன்னேன். அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்து, அதுவரைக்கும் பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் மொத்தமாக விட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்.

பழனி ரோடு பூராவும் அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த திட்டு எனக்குள்ளேயே கரைந்து போயிருந்தது. வாயைத் திறந்தால் திட்டுக்குப் பதிலாக வேற என்னமோ வந்துவிடும் போல இருந்தது. அதனால் டப்பாவைத் திறந்து தக்காளிச் சோற்றை மூடியில் வைத்து, நான் வாயில் வைப்பதற்கு முன்னால் அவரிடம் நீட்டினேன். "இந்தாங்க பாய். நீங்க சாப்பிட்டாத்தான் எனக்கு எறங்கும்."